ஆத்தூரிலிருந்து வேதாரணியம் வரை: உப்பு நிலம் காணும் பயணம்

கண்டுணர்வு சுற்றுலா என்றால் ஆராய்ச்சி நிலையம், விதைப் பண்ணை, பால் பண்ணை ஆகியவற்றைச் சுற்றிக் காட்டித் திரும்ப அழைத்து வருவதே வழக்கமாக இருந்து வருகிறது. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்து உழவர் பெருமக்கள் இம்முறை கடலோரம் போய் வரலாம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரணியத்தையும் கோடியக்கரையையும் ஒட்டிக் கிழக்கு மேற்காகச் சுமார் 48 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது ஓர் உப்புச் சதுப்பு நிலம். அங்கே நெல்லும் விளையாது, வாழையும் விளையாது. அப்படிப்பட்ட இடத்தில் விவசாயிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நிலத்தில் உப்பு எப்படிச் சேருகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதைக் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள இதைவிட ஏற்ற இடம் அரிது.

உப்பு நமக்கு அயலான பொருள் அல்ல. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிட்டு வைப்பார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவு நீரில் கரைந்து வெளியேறும். திண்டுக்கல்லைச் சுற்றி இக்கழிவு நீர் தேங்கிய இடங்களில் கிணறுகள் உவர்ப்பேறிப் பயிர் வாடியதை நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். கடற்கரையில் விளைந்த உப்பு தோலோடு பயணம் செய்து குடகனாற்றுப் படுகைக் கிணறுகளில் வந்து தங்கிவிட்டது என்றே சொல்லலாம். இன்னோர் உறவும் உண்டு. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் நீர் குடகனாற்றின் வழியாக அமராவதியிலும், அங்கிருந்து காவிரியிலும் சேருகிறது. கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் இதே சதுப்பின் மேற்கு முனையில், முத்துப்பேட்டை அருகே கடலை அடைகின்றன.

சத்தியாகிரகிகள் நடந்த பாதை

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியம் செல்வது நல்லது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, கும்பகோணத்தையும் சுற்றிக்கொண்டு, இவ்வழியே சுமார் 240 கிலோ மீட்டர் நடந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் சிறைக்குப் போக நேரும் என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். கிராமத்து மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தக் காவலரால் சொல்ல முடியும்? ஏப்ரல் 28-இல் வேதாரணியம் சேர்ந்த தொண்டர்கள், 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அந்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. அவர்களுக்கு ஊரில் எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்த வேதரத்தினம் பிள்ளையின் சொத்துகள் பறிமுதல் ஆயின. காவலர்களுக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற தொழிலாளி வைரப்பனையும் ஊரார் மறக்கவில்லை.

வேதாரணியத்தில் மறைக்காட்டீசுவரர் கோயிலைத் தரிசிக்கத் தவறாதீர்கள். அப்பரும் சம்பந்தரும் பாடித் திறக்கவும் அடைக்கவும் செய்ததாகக் கூறப்படும் கதவு இக்கோயிலுக்கு உரியது.

உப்பளத்தில் ஜிப்சம்

அகஸ்தியம்பள்ளியைச் சுற்றிலும் உப்பளங்களே. கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். இந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். உப்பளத்தார் மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். தொடக்கத்தில் 3.5 டிகிரி காட்டும் நீர் 25 டிகிரியை எட்டியதும் சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். நமக்கு முக்கியமான செய்தி அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. உப்பு விளையுமுன், இடைப்பட்ட பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடும். களர் நிலத்தைச் சீர்திருத்த நாம் இடும் ஜிப்சத்தில் ஒரு பகுதி இப்படி உப்பளங்களில் கிடைப்பதுதான். நிலத்தைக் கெடுக்கும் சோடிய உப்பும், கெட்ட நிலத்தைத் திருத்தும் ஜிப்சமும் ஒரே நீரில் இருந்து, வெவ்வேறு பாத்தியில் பிரிவதை அங்கே கேட்டுப் பாருங்கள், அள்ளியும் காட்டுவார்கள்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. உவர் நிலத்தில் நீரில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் போகும். கோடையில் மண்மேல் வெள்ளை பூத்து நிற்கும். களர் நிலத்திலோ சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். மண் இறுகி, விட்ட தண்ணீர் உள்ளே இறங்காது கலங்கி நிற்கும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் இந்தச் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும். விடுபட்ட சோடியத்தை நல்ல நீர் தேக்கி வடித்தால்தான் வயலைவிட்டு வெளியேற்ற முடியும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல் நடலாம். களர் இல்லாத உவர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. அங்கே வேண்டுவது நல்ல நீரும் வடிகாலும்தான். மண் பரிசோதனை செய்யாமல், பக்கத்து வயல்காரர் போட்டார் என்று மூட்டை மூட்டையாக ஜிப்சம் இறக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முத்துப்பேட்டையின் மீன்முள் கால்வாய்கள்

வடிகாலின் அருமையைப் பார்க்க வேண்டுமானால் முத்துப்பேட்டைக்குப் போக வேண்டும். வனத்துறையின் அனுமதியுடன் படகில் அலையாத்திக் காட்டுக்குள் செல்லலாம். முன்னொரு காலத்தில் இக்காட்டு மரங்களை அரசே பகுதி பகுதியாக வெட்டி விற்று வந்தது. நிழல் போன நிலம் காய்ந்து, நடுவில் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல் நீர் இறக்கத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயில் தண்ணீரைக் குடிக்க, உப்பு மட்டும் எஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு கூடி, உவரில் வளரும் அலையாத்தி கூட அங்கே முளைக்கவில்லை.

பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டன. நடுவே பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து, இறக்கத்தில் வெளியே போகத் தொடங்கியது. மண்ணில் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. கடல் நீரேயானாலும் ஓடினால் மண் பிழைக்கிறது, தேங்கினால் சாகிறது. உங்கள் வயலின் தாழ்ந்த மூலையில் பயிர் மஞ்சளாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வரப்பை வெட்டிவிட்டுப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்ட வயல்களில் கடல் நீரை நிரப்பியது. இனி இந்த மண் பயிருக்கு ஆகாது என்று அஞ்சியவர்கள் பலர். வடிகால் இருந்த வயல்களில் அடுத்து வந்த மழை உப்பைக் கழுவிச் சென்றது. நெல் மீண்டும் விளைந்தது.

கோடியக்கரை

வேதாரணியத்திலிருந்து கோடியக்கரை சுமார் 10 கிலோ மீட்டர். வெளிமான்களைக் காக்க 1967-இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-இல் இச்சதுப்பு ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வரும். சைபீரியாவிலிருந்து வரும் சிறு உள்ளான்களும் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். கரையோரம் தடித்த இலையுடன் சிவந்து படர்ந்திருப்பது உமரி. உப்பு நீரை உடம்பில் தேக்கி வாழும் பூண்டு இது. ஓர் இலையைக் கிள்ளி வாயிலிட்டால் கரிக்கும்.

இராமர் பாதம் என்னும் மேடு, சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயில், கலங்கரை விளக்கம் ஆகியவற்றையும் பார்க்கலாம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஆழிப்பேரலையில் போய்விட்டது. காட்டில் விழுந்து கிடக்கும் பெருமரங்கள் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலை நினைவூட்டும்.

இக்கடலோரத்தில் நமக்கு உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய பெயர்கள் இரண்டு. காந்திகிராமத்தில் பணியாற்றிய சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும், திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் நாகைப் பகுதியில் நிலமற்றவர்களுக்காக உழைத்தவர்கள். வயல்களுக்கு நடுவே இறால் குட்டைகள் வெட்டப்பட்டு, உப்பு நீர் கசிந்து குடிநீர்க் கிணறுகளும் நெல் வயல்களும் கெட்டபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை, மரபு முறைப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றவும், விளைநிலங்களை இறால் குட்டைகளாக மாற்றுவதை நிறுத்தவும் நீதிமன்றம் ஆணையிட்டது. 2005-இல் வந்த சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு மீண்டும் இடமளித்தது. வழக்கில் வென்றாலும் விழிப்பு குறையலாகாது என்பதை அங்குள்ள விவசாயிகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

புறப்படுமுன்

ஜனவரி கடைசி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. பறவைகளும் இருக்கும், உப்பளத்தில் வேலையும் தொடங்கியிருக்கும். இரண்டு நாள் வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது. சதுப்பில் வெள்ளையாகக் காய்ந்து தெரியும் இடமெல்லாம் கெட்டித் தரை என்று எண்ணிக் கால் வைக்காதீர்கள். மேலே பொருக்கு, கீழே சேறு.

கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் கிணற்று மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமனுக்குக் கீழிருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தனியே பாய்ச்ச வேண்டாம். மழை நீரோடு கலந்து, வடிகாலுள்ள வயலில், உவர் தாங்கும் பயிருக்கு மட்டும் விடுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை பார்த்து எண்களைக் குறித்து வையுங்கள்.