கற்பூரக் கரையில் ஒரு வணிகர் ஊர்

வெள்ளிக்கிழமை மாலையானால் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின்களின் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். சாமி படத்தின் முன்னால் சாம்பிராணி புகையும். கற்பூரம் காட்டி, லோடு நல்லபடியாகக் கப்பலேற வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள். அந்தக் கற்பூரம் இன்று டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் தயாராவது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்போ, உயர்ந்த கற்பூரம் வேண்டுமென்றால் கடல் கடந்துதான் போகவேண்டும். அப்படிப் போன தமிழ் வணிகர்கள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு, அதைத் தமிழிலேயே கல்லில் வெட்டி நட்ட ஓர் ஊர் இந்தோனேசியாவில் இருக்கிறது. அதன் பெயர் லோபு துவா.

சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில், சிபோல்கா நகரத்துக்கு வடமேற்கே பரூஸ் என்ற சிறிய துறைமுக ஊர் உண்டு. அதன் அருகிலுள்ள சின்னக் கிராமம்தான் லோபு துவா. முன்னால் இந்தியப் பெருங்கடல், பின்னால் பாத்தாக் மக்கள் வாழும் மலைக்காடு. மலாக்கா நீரிணைப் பக்கத்துத் துறைமுகங்களைப் போலக் கப்பல்கள் போகிற வழியில் தானாகக் கண்ணில் படும் இடமில்லை இது. சரக்கு வேண்டும் என்று தேடி வந்தவர்களே இங்கே நங்கூரமிட்டார்கள்.

அந்தச் சரக்கு காட்டுக்குள் இருந்தது. ஐம்பது, அறுபது மீட்டர் உயரம் வளரும் ஒருவகைக் கற்பூர மரம். அதன் அடிமரத்தின் பிளவுகளில் வெண்ணிறப் படிகமாக உறைந்து கிடப்பதுதான் கற்பூரம். எல்லா மரத்திலும் அது இருக்காது. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். கிடைப்பதும் கொஞ்சமே. அதனால்தான் அதற்கு அத்தனை விலை. பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சித்த மருந்துகளிலும் சேரும் பச்சைக் கற்பூரம் இந்த வகையைச் சேர்ந்தது. சாம்பிராணிப் பிசினும் இதே மலைக்காட்டிலிருந்து இறங்கியது. அரபு வணிகர்கள் இந்தக் கரையை பன்சூர் என்றார்கள். தமிழர்கள் வாரோசு என்றார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கற்பூர வகைகளை அடுக்கும்போது வாரோசையும் சேர்த்தே சொல்கிறார்.

லோபு துவாவின் கல்வெட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டச்சு ஆட்சிக் காலத்தில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் கல்வெட்டறிஞர் எ.சுப்பராயலு அதை மறுபடியும் நுணுகிப் படித்து, 1998இல் முழுமையான வாசிப்பை வெளியிட்டார். கல் இப்போது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதைந்த பகுதிகள் போக மிஞ்சிய வரிகளே ஓர் அரிய ஆவணம்.

சக ஆண்டு 1010, மாசி மாதம். அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வாரோசில் கூடியிருக்கிறது. அங்கிருந்த தங்கள் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயரில் ‘தேசி உய்யக்கொண்ட பட்டினம்’ என்ற தொடர் வருகிறது. நகர சேனாபதி என்ற பொறுப்பில் இருந்தவர் உள்ளிட்ட தங்கள் ஆட்களுக்கு ஒரு வருமானத்தை ஒதுக்குகிறார்கள். வந்து சேரும் மரக்கல நாயனும் கப்பல் ஆட்களும் கட்டணம் செலுத்த வேண்டும். அதைப் பொன்னாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு பொன் என்பதைக் கஸ்தூரியின் விலையை வைத்துக் கணக்கிட வேண்டும். கொடுத்த பிறகே விரித்த பாவாடை மீது ஏறலாம். வரவேற்புக்கு விரிக்கப்படும் துணிதான் அந்தப் பாவாடை. இதுதான் சுப்பராயலுவின் வாசிப்பு தரும் செய்தி.

டாலரில் விலை பேசி, ரூபாயில் கூலி கொடுத்து, தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றும் திருப்பூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல நாட்டுக் காசும் பல தரத்துப் பொன்னும் புழங்கும் துறைமுகத்தில், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஐந்நூற்றுவர் கஸ்தூரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கல்லில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மிஞ்சியிருக்கும் வரிகளில் எந்த அரசன் பெயரும் இல்லை என்பது. 1088இல் தமிழகத்தை ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். சோழநாட்டுக் கல்வெட்டுகள் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லியே தொடங்கும் காலம் அது. வாரோசின் வணிகர்களோ சக ஆண்டைக் குறித்துவிட்டு, தங்கள் குழுவின் பெயரிலேயே முடிவெடுக்கிறார்கள்.

தென்கிழக்காசியாவில் தமிழர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1025ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திர சோழன் நடத்திய கடாரப் படையெடுப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவன் வென்ற ஊர்களை ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் என்று அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் வாரோசு இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர் குளோத் கில்லோ தலைமையில், இந்தோனேசியத் தொல்லியலாளர்களும் சேர்ந்து 1995 முதல் 1999 வரை லோபு துவாவில் அகழாய்வு செய்தார்கள். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னாசியப் பானையோடு எனக் குவியலாகக் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே வணிகக் குடியிருப்பு உருவாகிவிட்டது என்பது அவர்கள் முடிவு. சோழர் கடற்படை புறப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே இந்தக் கரையில் சரக்கு கைமாறிக்கொண்டிருந்தது. 12ஆம் நூற்றாண்டு தொடங்கும் வாக்கில் லோபு துவா கைவிடப்பட்டது. அரக்கர்கள் வந்து ஊரை அழித்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. வணிகமோ நிற்கவில்லை. அருகிலிருந்த பரூஸில் தொடர்ந்தது.

வணிகர் கூடிக் குழு அமைக்கும் வழக்கம் கொங்கு நாட்டுக்கும் பழையது. திருப்பூரைத் தாண்டி நொய்யல் பாயும் வழியில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடிய ஊர். அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், நூல் நூற்கும் தக்கிளிகளும் கிடைத்தன. ஓர் ஓட்டில் வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் இருக்கிறது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கியபோது, இந்த ஆற்றங்கரையின் மிகப் பழைய வழக்கம் ஒன்று புதிய காலத்துக்கு ஏற்றபடி எழுந்து நின்றது.

சுமத்ராவில் தமிழின் தடம் ஜகார்த்தா அருங்காட்சியகத்துக் கல்லோடு முடிந்துவிடவில்லை. உள்நாட்டுக் காரோ மக்களிடையே செம்பிரிங் என்ற பெருங்குலம் இருக்கிறது. அதன் கிளைப் பெயர்களில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி ஆகியவை உண்டு. சோழ, பாண்டிய, மலையாள, பல்லவப் பெயர்கள் இவற்றில் ஒலிப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்டக் கூலிகளாக மேடான் பகுதிக்குத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கும்பிடுகிறார்கள்.

இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் நாடுகளில் ராஜேந்திரனின் வெற்றித் தடங்களைத் தேடி ஆய்வு நடத்தப்படும் என்று 2021 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முயற்சி. அந்தத் தேடல் வெற்றித் தூண்களோடு நின்றுவிடாமல் வணிகர்களின் கணக்கையும் பின்தொடர வேண்டும். லோபு துவா கல்லின் அச்சுப்படி ஒன்று தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் வைக்கப்பட வேண்டும். ஐந்நூற்றுவரின் 1088ஆம் ஆண்டுத் தீர்மானம், கடாரப் படையெடுப்புக்குப் பக்கத்திலேயே பள்ளிப் பாடநூலில் இடம்பெற வேண்டும். வணிகம் படிக்கும் திருப்பூர் மாணவர்கள் துறைமுகக் கட்டணம் பற்றிய முதல் பாடத்தை அந்தக் கல்லிலிருந்தே தொடங்கலாம்.