கூப்பன் கையில், கணக்கு கடையில்

2022 ஜூலைக்குப் பிறகு திருகோணமலையில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களிடம் QR குறியீடு எனும் ஒரு சதுரப் படம் இருந்தது. சிலர் அதைக் கைபேசியில் வைத்திருந்தார்கள். சிலர் அச்சடித்து, லேமினேட் செய்து ஓட்டோவுக்குள் செருகியிருந்தார்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் நிற்கும் மாவட்டத்தில் மக்கள் இப்படி அளந்து வாங்கினார்கள். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதியோடு அந்தப் பங்கீடு முடிந்தது. ஆனால் அது ஊருக்கு ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. தன் வாடிக்கையாளருக்குக் கைபேசியில் பரிசுக் கூப்பன் கொடுக்க நினைக்கும் எந்தத் தேநீர்க்கடைக்காரரும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தச் சதுரத்துக்குள் பெற்றோல் கணக்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு வாரத்தின் 4 லீற்றரும் தீர்ந்த பிறகும் படம் மாறவில்லை. அடுத்த வாரம் அதே படத்தைக் காட்டியதும் மறுபடி 4 லீற்றர் கிடைத்தது. படத்தில் இருந்தது வாகனத்தின் அடையாளம் மட்டும்தான். எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு வேறெங்கோ ஒரு கணினியில் இருந்தது. கூப்பன் என்பது ஒரு பெயர். அதன் பெறுமதி பேரேட்டில் இருக்கிறது. டிஜிட்டல் கூப்பனில் நடக்கும் பிழைகளில் பல, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

துறைமுகத்தை ஒட்டிய வீதியில் ஒரு தேநீர்க்கடையை எண்ணிக்கொள்வோம். பத்துத் தேநீர் குடித்தால் ஒன்று இலவசம். கடைக்காரர் அழகான ஒரு படம் செய்து, வென்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மாலைக்குள் அதே படம் நாற்பது பேரின் கைபேசியில் இருக்கும். கடதாசிக் கூப்பனைக் கிழித்து ஆணியில் குத்திவிடலாம். படத்தைக் கிழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கூப்பனுக்கும் தனிக் குறியீடு வேண்டும். அது பயன்பட்டதா இல்லையா என்பதைக் கடை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குறியீட்டை 001, 002 என்று வரிசையாகக் கொடுத்தால், 037 வைத்திருப்பவர் 038 என்று ஒன்று இருப்பதை உடனே ஊகிப்பார். எழுமாறாக எடுத்த நான்கு இலக்கமும் போதாது. மொத்தம் 10,000 எண்கள்தான். 500 கூப்பன் புழக்கத்தில் இருந்தால், குருட்டாம்போக்கில் அடிப்பவருக்கு இருபதில் ஒன்று விழும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த 32 குறிகளில் எட்டை எழுமாறாக எடுத்தால் கதை மாறிவிடுகிறது. சாத்தியங்கள் ஏறத்தாழ 1,10,000 கோடி. அதே 500 கூப்பனில் ஒன்றை ஊகிக்கும் வாய்ப்பு 220 கோடியில் ஒன்று. O எழுத்தும் பூச்சியமும், I எழுத்தும் 1 என்ற எண்ணும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அந்தக் குறிகளை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது. எல்லாம் சேர்ந்தும் கடைக்குத் தேவைப்படுவது ஒரு கணினித் தாள்தான்: குறியீடு, கொடுத்த திகதி, பயன்பட்ட திகதி.

சிக்கல் எழுவது இரண்டாவது கிளை திறக்கும்போது. ஒரு கடை பிரதான வீதியில், இன்னொன்று உப்புவெளியில். அக்கா இங்கே கூப்பனைக் காட்டும் அதே நொடியில், அதன் படத்தைத் தம்பி அங்கே காட்டுகிறான். இரண்டு கைபேசிகளும் பேரேட்டைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் 'பயன்படவில்லை' என்றே தெரிகிறது. இரண்டு இடத்திலும் தேநீர் போய்விடும். பார்ப்பதும் குறிப்பதும் வேறு வேறு செயலாக இருப்பதுதான் கோளாறு. நல்ல மென்பொருள் இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும்: 'கட்டம் வெறுமையாக இருந்தால் மட்டும் எழுது' என்ற ஒரே கட்டளை. முந்தியவருக்குத் தேநீர், பிந்தியவருக்கு மறுப்பு. மென்பொருள் விற்க வருபவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது, அது இரண்டையும் ஒரே செயலாகச் செய்யுமா என்பதைத்தான். இணையம் அறுந்துபோனால் கூப்பன் உண்மையானதா என்பதைக் கைபேசி தனியாகவே சரிபார்க்க வழியுண்டு; அது ஏற்கெனவே செலவானதா என்பதைப் பேரேடு இல்லாமல் சொல்லவே முடியாது. ஒரு தேநீருக்காக அந்தச் சிறு ஆபத்தை ஏற்று, கொப்பியில் குறித்துவிட்டுக் கொடுத்துவிடலாம். பெரிய பரிசுக்கு இணைப்பு வரும்வரை காத்திருப்பதே சரி.

கூப்பனின் குறியீட்டைச் சதுரப் படமாக அச்சடித்தால், அது உப்புக்காற்றுக்கும் தேநீர்க் கறைக்கும் தாங்குமா? தாங்கும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது வாகன உதிரிப்பாகங்களை அடையாளம் காண்பதற்கு. எண்ணெயும் அழுக்கும் படியும் என்று தெரிந்தே, திருத்தத்துக்கான உபரித் தகவலைச் சேர்த்தார்கள். அதன் உச்ச நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டெடுக்கலாம். மூன்று மூலைச் சதுரங்கள் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

இனி, எத்தனை தேநீருக்கு ஒன்று? அமெரிக்காவில் வாகனம் கழுவும் நிலையமொன்றில் நூன்ஸ், திரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டை. மற்றவர்களுக்குப் பத்து முத்திரை அட்டை, அதில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. இருவருக்கும் மீதம் எட்டுத்தான். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். பாதி வழி வந்தவனுக்கு வீடு கிட்டத் தெரிகிறது. கடைக்காரருக்கு இதில் கூடுதல் செலவே இல்லை.

செலவைக் கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. தேநீர் போட ஆகும் செலவு அதன் விலையில் 40 சதவீதம் என்று வைத்தால், பத்துக்கு ஒன்று இலவசம் என்பது பத்துத் தேநீர் வருமானத்தில் 4 சதவீதம் மட்டுமே. அதே சலுகையைக் காசாகத் திருப்பிக் கொடுத்தால் 10 சதவீதம் போய்விடும்.

காசாக எழுத வேண்டாம் என்பதற்கு இந்த நாட்டில் பழைய காரணமொன்றும் உண்டு. கூப்பன் என்றால் எங்கள் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது அரிசிக் கூப்பன், சங்கக்கடை. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய அதே 1942இல், பர்மா அரிசி நின்றுபோன நெருக்கடியில் அரிசிப் பங்கீடு வந்தது. 1979இல் அதை நீக்கி, ரூபாயில் பெறுமதி எழுதிய உணவு முத்திரையைக் கொடுத்தார்கள். விலை ஏறியது, முத்திரையில் எழுதிய ரூபாய் ஏறவில்லை. ஏழையின் கையில் தாள் அப்படியே இருக்க, அது வாங்கும் அரிசி மட்டும் சுருங்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியதைக் கண்ட நமக்கு அது புரியாததல்ல. 'ஒரு பிளேன்ரீயும் ஒரு பணிஸும்' என்று எழுதிய கூப்பன் எந்த விலையிலும் ஒரு பிளேன்ரீயும் ஒரு பணிஸும்தான்.

வாடிக்கையாளரிடம் தொலைபேசி இலக்கம் கேட்டால் போதும். அடையாள அட்டை இலக்கம் தேநீருக்குத் தேவையில்லை. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் திரட்ட வேண்டாம் என்றே சொல்கிறது. கூப்பனில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கட்டும்.

காலாவதித் திகதியை மென்பொருள் தானாகப் போட விடாதீர்கள். நிலாவெளிக்கு வரும் வெளிநாட்டவர் மே முதல் செப்டெம்பர் வரை வந்து இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். பத்து முத்திரை அவர்களுக்கானதல்ல. ஆண்டு முழுவதும் வருபவர் மீனவரும் ஓட்டோக்காரரும்தான். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும் நாட்களில் மீனவரின் கையில் காசு குறைவு. ஒக்டோபரில் கிடைத்த கூப்பன் டிசம்பரில் செத்துப்போனால் அவருக்கு அது கிடைக்காததுபோலத்தான். திகதியைச் சித்திரைப் புத்தாண்டு தாண்டிப் போடுங்கள்.