நெஞ்செரிவெல்லாம் காஸ்ட்ரைட்டிஸ் அல்ல

முள்ளியவளையில் வெறும் தேநீருடன் அதிகாலையில் வயலுக்குப் புறப்படும் விவசாயியும், அயலிலுள்ள தண்ணீரூற்றில் நோன்பு திறந்த பின்னர் நெஞ்சைத் தடவியவாறு அமர்ந்திருக்கும் முதியவரும் தமது உபாதைக்கு ஒரே பெயரையே சூட்டுகின்றனர். வயிறு பொருமினாலும், புளித்த ஏப்பம் வந்தாலும், நெஞ்சு எரிந்தாலும் அது "காஸ்ட்ரைட்டிஸ்" தான். உடனே மருந்தகத்தில் இரண்டு வில்லைகளை வாங்கி விழுங்குவதுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. இவ்வழக்கம் பெரும்பாலும் தீங்கின்றிக் கழிந்தாலும், சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடுகின்றது என்பதை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

உணவு சமிபாடடைவதற்காக இரைப்பை ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றது. இரைப்பையின் உட்சுவரைச் சீதப்படலம் பாதுகாக்கின்றது. ஆனால் உணவு இறங்கிவரும் களத்துக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தசைவளையம் தளரும்போது அமிலம் மேலெழுந்து களத்தை எரிக்கின்றது. இதுவே நெஞ்செரிவு. உண்டபின் மேல்வயிற்றில் தோன்றும் கனமும் பொருமலும் சமிபாடின்மை. காஸ்ட்ரைட்டிஸ் என்பதோ இரைப்பையின் உட்சுவரில் ஏற்படும் அழற்சியாகும். இவை மூன்றும் ஒன்றல்ல.

நெஞ்செரிவைத் தணிப்பதற்கு முதலில் மாற வேண்டியது உணவு உண்ணும் முறையாகும். காலை உணவைத் தவிர்த்துவிட்டு நண்பகலில் வயிறு நிறைய உண்பதிலும் பார்க்க, அளவாகப் பல வேளை உண்பது நன்று. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலங்களாவது இருத்தல் வேண்டும். இரவில் எரிவு மிகுவோர் தலையணைகளை அடுக்குவதை விடுத்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் 6 முதல் 8 அங்குல உயரத்துக்குக் கட்டைகளை வைக்கலாம். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும். மிகையான உடல் எடையைக் குறைத்தல், சாரத்தையோ பாவாடையையோ இடுப்பில் இறுக்கிக் கட்டாதிருத்தல், புகைத்தலையும் மதுவையும் கைவிடுதல் ஆகியன செலவற்ற சிகிச்சைகளாகும். உறைப்பு, எண்ணெய்ப் பலகாரம், புளிப்பு, கடுந்தேநீர் ஆகியவற்றுள் தமக்கு ஒவ்வாதது எதுவென ஒவ்வொருவரும் அவதானித்து விலக்குதல் போதுமானது.

நோன்பும் விரதமும் நெஞ்செரிவுக்குக் காரணமென எண்ணுவது பொருத்தமன்று. நோன்பு திறந்தவுடன் பொரித்த பலகாரங்களை மிகுதியாக உண்பதும், ஸஹர் உணவை முடித்த கையோடு மீண்டும் படுத்துக்கொள்வதுமே பெரும்பாலும் எரிவைத் தூண்டுகின்றன. பேரீச்சம்பழமும் நீரும் கஞ்சியும் அருந்தி, சிறிது இடைவெளியின் பின்னர் உணவு கொள்வது இரைப்பைக்கு இதமளிக்கும். விரதம் முடித்துப் பாரணை செய்வோருக்கும் இது பொருந்தும். குடற்புண் உள்ளோரும் நாளாந்தம் மருந்தெடுப்போரும் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கலந்தாலோசித்தல் நன்று.

கைமருந்துகளுக்கும் எல்லை உண்டு. இஞ்சி குமட்டலைத் தணிக்கும். ஓமநீரும் சீரகநீரும் பொருமலுக்குப் பலருக்கு ஆறுதல் தருகின்றன. பால் சற்றுநேரம் எரிவை ஆற்றினாலும், பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடும். அப்பச்சோடாவில் சோடியம் மிகுதியாதலால் உயர் குருதியமுக்கமும் சிறுநீரக நோயும் உள்ளோர் அதனைத் தவிர்க்க வேண்டும். அமிலத்தைச் சமப்படுத்தும் மருந்துகள் உடனடி நிவாரணம் தருவன. ஒமெப்ரசோல் போன்றவை அமிலச் சுரப்பையே குறைப்பன. பின்னையவற்றை மருத்துவ ஆலோசனையின்றி மாதக்கணக்கில் தொடர்தல் தவறு.

எரிவுக்கான காரணம் வேறாகவும் இருக்கலாம். குடற்புண்களுக்கு ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பற்றீரியா முக்கிய காரணமென நிறுவிய அவுஸ்திரேலிய மருத்துவர்களான பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இதனை நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைக் கொண்டு குணப்படுத்தலாம். மற்றைய முக்கிய காரணம் வலிநிவாரணிகள். போர்க்காலக் காயங்களின் வலியை ஆண்டுக்கணக்கில் சுமப்போரும், மூட்டுவலியோடு உழைப்போரும் வன்னியில் அநேகர். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை அவர்கள் நாளாந்தம் விழுங்குவது இரைப்பையில் புண்ணையும் குருதிப்பெருக்கையும் ஏற்படுத்தலாம். எனினும் இதயநோய்க்கென மருத்துவர் வழங்கிய அஸ்பிரினைத் தாமாக நிறுத்துதல் ஆகாது.

விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், இடையறாத வாந்தி, குருதிச்சோகை, 50 வயதுக்குப் பின்னர் புதிதாகத் தோன்றும் உபாதை ஆகியன தாமதமின்றிப் பரிசோதிக்கப்பட வேண்டியவை. புகையிலையோடு வெற்றிலை மெல்லும் வழக்கம் களப் புற்றுநோய்க்கும் வழிகோலும். குருதி வாந்தியும் தார்போன்ற கருமலமும் அவசர நிலைமைகளாகும்.

யாவற்றிலும் ஆபத்தானது மாரடைப்பைக் காஸ்ட்ரைட்டிஸ் என எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவது. நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், கை, தோள், தாடை ஆகியவற்றுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்பன தோன்றினால் சோடாவோ இஞ்சிச்சாறோ கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. நீரிழிவு உள்ளோரிலும் பெண்களிலும் முதியோரிலும் மாரடைப்பு வெறும் சமிபாடின்மை போலவே தோன்றலாம். உடனடியாக 1990 இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறுதல் வேண்டும். முள்ளியவளை மக்களுக்கு மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலை தொலைவன்று. அங்கு சென்று, அது வெறும் நெஞ்செரிவே என்று அறிந்து திரும்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.