நேரசூசியில் தெரியாத மணித்தியாலங்கள்

புதிய அரையாண்டு தொடங்கும்போது பல்கலைக்கழக மாணவர் முதலில் தேடுவது நேரசூசியையே. எந்த நாளில், எந்த மண்டபத்தில், எப்பாடம் நடைபெறும் என்பதை அறிவிக்கும் நிருவாகத் தாளாகவே அது பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் மாணவரது உழைப்பு எவ்வாறு அளக்கப்படுகின்றது, அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, அது எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக அமைகின்றதா என்னும் வினாக்கள் அத்தாளினுள் அடங்கியுள்ளன. அவற்றையே நாம் இங்கு நோக்குவோம்.

1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் பிரித்தானிய மரபைத் தழுவியே தன் கல்வியாண்டை வகுத்துக்கொண்டது. ஆண்டு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டிறுதிப் பரீட்சையே மாணவரின் தகுதியைத் தீர்மானித்தது. 1990களில் நமது பல்கலைக்கழகப் பீடங்கள் பலவற்றில் அரையாண்டு முறையும் பாட அலகு முறையும் படிப்படியாக இடம்பெறலாயின. ஓராண்டு உழைப்பு முழுவதும் சில மணிநேரப் பரீட்சையில் தங்கியிருந்த நிலை இதனால் தளர்ந்தது. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆயின் புதிய முறையின் மூலம் பிரித்தானியாவில் அன்று, ஐக்கிய அமெரிக்காவிலேயே உள்ளது. 1869இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் தலைவராகிய சாள்ஸ் எலியற், மாணவர் தம் பாடங்களைத் தாமே தெரிவுசெய்யும் முறையை அங்கு விரிவாக்கினார். தெரிவு பெருகியபோது வெவ்வேறு பாடங்களை ஒப்பிடுவதற்குப் பொது அளவை ஒன்று தேவைப்பட்டது. அதற்கு உந்துதல் அளித்தது விந்தையான ஒரு காரணியாகும். 1905இல் உருக்குத் தொழிலதிபர் அன்று கார்னகி கல்லூரி ஆசிரியரின் ஓய்வூதியத்திற்கென ஒரு கோடி டொலர் வழங்கினார். அந்நிதியைப் பெற விரும்பிய கல்லூரிகள், தம்மிடம் சேரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் கற்றிருக்கவேண்டும் என விதிக்க நேர்ந்தது. ஓர் அலகு என்பது 120 மணித்தியாலக் கற்பித்தல். 1910இல் பொறியியலாளரான மொறிஸ் குக், தொழிற்சாலைத் திறன் பற்றிய ரெயிலரின் கோட்பாட்டைப் பின்பற்றி, பல்கலைக்கழகத்தின் உற்பத்தியை 'மாணவ மணித்தியாலம்' கொண்டு கணிக்கலாம் என்றார். ஆக, அறிவை நேரத்தால் அளக்கும் வழக்கம் கற்றல் பற்றிய ஆய்விலிருந்து பிறந்ததன்று; கணக்கியலின் தேவையிலிருந்து பிறந்ததாகும்.

இனி நமது நிலையை நோக்குவோம். 2012இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு 'கிரெடிட்' என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை மட்டுமன்றி, சுயகற்றல், ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் ஆகியனவும் இதனுள் அடங்கும். விரிவுரை வழி நடைபெறும் பாடத்தில் கிரெடிட் ஒன்றுக்குரிய விரிவுரை நேரம் வழக்கமாக 15 மணித்தியாலமே. அரையாண்டொன்றில் 15 கிரெடிட்டுகளைப் பயிலும் மாணவர் 750 மணித்தியாலம் உழைக்கவேண்டும். இதனை 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு 50 மணித்தியாலம். அவற்றுள் நேரசூசியில் இடம்பெறுவன 15. எஞ்சிய 35 மணித்தியாலத்திற்கு அத்தாளில் இடமில்லை.

சமத்துவமின்மை தொழிற்படுவது இந்த 35 மணித்தியாலத்தினுள்ளேயே எனலாம். விரிவுரை மண்டபத்தில் அனைவரும் ஒரே நேரத்தையே செலவிடுகின்றனர்; வெளியே அவ்வாறில்லை. விடுதி கிடைக்காது, கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோகும் மாணவிக்குப் பயணத்தில் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் கழியுமாயின், ஐந்து நாட்களில் இழக்கப்படுவது 20 மணித்தியாலம். காலை 8 மணிக்கு ஒரு விரிவுரையும் பிற்பகல் 3 மணிக்கு மற்றொன்றும் வைக்கப்பட்டால், அவள் நாள் முழுவதையும் வளாகத்திலேயே கழிக்கவேண்டும். நூலகத்தில் இருக்கை இல்லையெனில் இடைப்பட்ட நேரம் ஓய்வுமாகாது, கற்றலுமாகாது. மாலையில் பிரத்தியேக வகுப்பெடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவனின் நிலையும் இத்தகையதே.

மொழியும் இதனுடன் சேர்கின்றது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. கிராமப்புற மாணவர்க்குப் பல்கலைக்கழகத்தின் கதவு அகலத் திறந்தமை இதன் சாதனை. ஆயினும் விரிவுரை தமிழில் நிகழ, மேலதிக வாசிப்புக்குரிய நூல்களுட் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் அத்தியாயம் மற்றவருக்கு அகராதியின் துணையுடன் மூன்று மணித்தியாலத்தை வேண்டக்கூடும். இருவருக்கும் கிடைக்கும் கிரெடிட் ஒன்றே.

தெரிவுச் சுதந்திரமும் இவ்வாறே வரையறைக்குட்பட்டது. கையேட்டில் தெரிவுப் பாடங்கள் பல இருப்பினும், கற்பிக்க விரிவுரையாளர் இல்லாதவை நடைபெறா. கட்டாயப் பாடத்துடன் ஒரே வேளையில் மோதுபவற்றைத் தெரிவுசெய்ய இயலாது. எனவே மாணவரின் விருப்பத்தை விட ஆளணியும் கட்டட வசதியுமே பெரும்பாலும் தெரிவை முடிவுசெய்கின்றன.

அளவுகோலே வேண்டாம் என்பது நமது வாதமன்று. பொது அளவையின்றேல் மதிப்பீடு தனியாரின் விருப்பு வெறுப்புக்கு இரையாகும். நாம் வலியுறுத்துவது, 50 மணித்தியாலம் கோரும் நிறுவனம் அந்த 50க்கும் பொறுப்பேற்கவேண்டும் என்பதே. தூர இடங்களிலிருந்து வருவோரின் விரிவுரைகளை அடுத்தடுத்து அமைத்தல், நூலகத்தை இரவிலும் வார இறுதியிலும் திறந்துவைத்தல், அடிப்படை நூல்களைத் தமிழில் ஆக்குதல், ஒப்படைகள் யாவும் ஒரே வாரத்தில் குவியாதவாறு துறைகள் கலந்து திட்டமிடுதல் ஆகியன பெருஞ்செலவின்றித் தொடங்கக்கூடியவை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கியது. கற்பதற்கான நேரம் எல்லோருக்கும் உறுதிப்படுத்தப்படும்போதே அப்பணி நிறைவுறும்.