ஒரு யூரோவுக்கு ஒரு ரத்தக்காட்டேரி

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். தீசிஸ், பார்ட் டைம் வேலை, நடுவுல ஜெர்மன் கிளாஸ் வேற. இன்னிக்கு ஒரு புத்தகத்தைப் பத்தி எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க. புத்தகம் 'ட்வைலைட்' :)

போன அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, சோறு வடிக்க பெரிய பாத்திரம் ஒண்ணு தேடி இங்கத்த பழைய சாமான் சந்தைக்குப் போனேன். பாத்திரம் கிடைக்கலை. ஒரு பாட்டிம்மா விரிச்சு வெச்சிருந்த புத்தகங்கள்ல தடியா ஒண்ணு கண்ணுல பட்டது. விலை ஒரே ஒரு யூரோ. 'பிஸ்(ஸ்) ட்ஸும் மோர்கன்க்ரௌவன்'. 2006ல ஹாம்பர்க் கார்ல்ஸன் பதிப்பகம் போட்ட ஜெர்மன் ட்வைலைட்.

தலைப்புலயே ஒரு விளையாட்டு இருக்கு. 'பிஸ்'னா 'வரைக்கும்'. அதுல இன்னொரு 'ஸ்' சேர்த்தா 'கடி'. விடியும் வரைன்னும் படிக்கலாம், விடியலுக்கு ஒரு கடின்னும் படிக்கலாம். 'மோர்கன்க்ரௌவன்' விடியல்தான், ஆனா அந்தப் பின்பாதியை மட்டும் தனியா எடுத்தா 'திகில்'னு அர்த்தம் வரும். இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில முடிஞ்ச தலைப்பை இப்படி மாத்தின புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

கிளாஸ்ல டீச்சர் ஏற்கனவே சொல்லியிருந்தாங்க, கதை தெரிஞ்ச புத்தகமாப் பாத்துப் படிங்க, அகராதியைப் புரட்டுற வேலை குறையும்னு. எனக்குக் கதை தெரியும். கொசுவத்தியைச் சுத்திக்கோங்க... பதினேழு வயசு, ஹாஸ்டல், வார்டன் லைட்டை அணைச்சப்புறம் போர்வைக்குள்ள மொபைல் டார்ச். ஒரே ராத்திரியில முக்கால்வாசி முடிச்சேன். மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுல என்ன எழுதினேன்னு இன்னி வரைக்கும் தெரியாது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. பெல்லாங்கிற பொண்ணு, வெயில் ஊரான ஃபீனிக்ஸை விட்டு, எப்பவும் மழை பெய்யுற ஃபோர்க்ஸ்ங்கிற சின்ன ஊருக்கு அப்பா வீட்டுக்கு வர்றா. அப்பா அந்த ஊர் போலீஸ் தலைவர். கிளாஸ்ல பக்கத்து சீட்டுல எட்வர்டு. அழகன், பணக்காரன், ரத்தக்காட்டேரி. ஆனா மனுஷ ரத்தம் தொடமாட்டான், மிருக ரத்தம் மட்டும்தான். அதுக்கு அவங்க வீட்டுல வெச்சிருக்கிற பேரு 'வெஜிடேரியன்' :) பொறந்தது 1901ல. 1918ல ஸ்பானிஷ் ஃப்ளூவுல சாகக் கிடந்தப்ப காட்டேரியா மாத்தப்பட்டவன். பாக்க எப்பவும் பதினேழு, கணக்குப்படி எங்க கொள்ளுத்தாத்தா செட்டு.

ஸ்டெஃபனி மேயருக்கு இந்தக் கதை 2003 ஜூன்ல ஒரு கனவுல வந்துச்சாம். புல்வெளியில ஒரு சாதாரணப் பொண்ணும், வெயில் பட்டா மின்னுற ஒருத்தனும் பேசிக்கறாங்க. அந்தக் கனவுதான் 13ஆம் அத்தியாயம். 2005ல புத்தகமா வந்தது.

எதுக்கு இதை இத்தனை பேர் விழுந்து விழுந்து படிச்சாங்க? இந்தத் தடவை மெதுவா, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம்னு படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ரெண்டு.

ஒண்ணு, பெல்லா நம்மள மாதிரி. தட்டுத் தடுமாறி விழுவா, விளையாட்டு வராது, வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு சமைச்சு வைப்பா. அவ எப்படி இருப்பான்னு பெருசா வர்ணனை கிடையாது. காலியா விட்ட அந்த இடத்துல யார் வேணா போய் உக்காந்துக்கலாம். நான் உக்காந்தேன்.

ரெண்டாவது, காக்க வைக்கிறது. கையைத் தொடவே எத்தனை பக்கம்! நாலாவது புத்தகத்துல கல்யாணம் ஆகுற வரைக்கும் ஒண்ணும் கிடையாது, அதுலயும் பிடிவாதமா இருக்கிறது எட்வர்டுதான். மேயர் மார்மன் சபையைச் சேர்ந்தவங்க. எனக்கு என்னவோ சித்தி வாடகை நூலகத்துல எடுத்துட்டு வர்ற ரமணிசந்திரன் நாவல்தான் ஞாபகம் வந்துச்சு. பணக்கார, கோவக்கார ஹீரோ, மனசுக்குள்ள மட்டும் பொங்குற ஹீரோயின், ஒரு மனஸ்தாபம், கடைசியில கல்யாணம். ஃபோர்க்ஸுக்கும் தாம்பரத்துக்கும் தூரம் ரொம்பக் கம்மி.

ஜெர்மன் கத்துக்கவும் இது சூப்பர். பெருமூச்சு விட்டான், முணுமுணுத்தாள், கிசுகிசுத்தான்... இந்த மூணும் அத்தனை தடவை வரும், மறக்கவே முடியாது. ஒரே தொல்லை, நாவல்ல வர்ற இறந்தகாலம் பேச்சுல அவ்வளவா வராது. பேக்கரியில போய் நான் புத்தக நடையில பேச, அந்தக்கா ஒரு ராஜகுமாரியைப் பாக்குற மாதிரி பாத்தாங்க :)

இனிமே குறை. அழகு வர்ணனை திகட்டும். ஃபோர்க்ஸ் பக்கத்துல உண்மையிலேயே வாழற க்விலயூட் பழங்குடியோட ஓநாய்க் கதையை எடுத்து, காட்டேரிக்கு எதிரின்னு இஷ்டத்துக்கு மாத்தியிருக்காங்க. ரெண்டாவது புத்தகத்துல எட்வர்டு விட்டுட்டுப் போனதும் அக்டோபர், நவம்பர்னு மாசப் பேர் மட்டும் போட்ட வெறும் பக்கங்கள். பதினேழு வயசுல அதைப் பாத்து அழுதேன். இப்பப் பாத்தா, அவன் இல்லைன்னா அவளுக்கு எழுத ஒரு வரி கூட இல்லையான்னு கோவம் வருது.

ஆனா என்னை நிறுத்தினது வேற இடம். எட்வர்டு தினமும் ராத்திரி அவளுக்குத் தெரியாம அவ ரூமுக்குள்ள வந்து, அவ தூங்கறதைப் பாத்துட்டு உக்காந்திருப்பான். அது தெரிஞ்சதும் அவளுக்குக் கோவம் வரலை, உள்ளுக்குள்ள பெருமை. தூக்கத்துல என்ன உளறினோமோங்கிற கூச்சம்தான் பெருசு. மூணாவது புத்தகத்துல, அவ இன்னொரு ஃபிரெண்டைப் பாக்கப் போகக்கூடாதுன்னு அவ வண்டி இன்ஜின்லேர்ந்து ஒரு பார்ட்டைக் கழட்டியே வெச்சுடுவான்.

இங்கிலீஷ்ல கடகடன்னு தாண்டிப் போனதை, ஜெர்மன்ல ஒவ்வொரு வார்த்தையா அகராதி பாத்துப் படிச்சேன். தப்பிக்க முடியலை.

காலேஜ் முதல் வருஷம் ஒருத்தன் என் பின்னாடி நாலு மாசம் வந்தான். பஸ்ல, தெருமுனையில, வயலின் கிளாஸ் வாசல்ல. ஒரு வார்த்தை பேசினதில்லை. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் "எவ்ளோ ட்ரூ லவ் பாருடி"ன்னாங்க. பயமா இருந்துச்சு. பயத்துக்குள்ள கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு, அதை இன்னிக்குத்தான் ஒத்துக்கறேன். கடைசியில வயலின் கிளாஸை நிறுத்தினேன். வீட்டுல காரணம் சொல்லலை. வயலின் இன்னும் அம்மா பீரோ மேல இருக்கு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 2016 ஜூன்ல, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல ஒரு பொண்ணு கொலையானாங்க. பின்னாடியே சுத்துறதைக் காதல்னு காட்டுற நம்ம சினிமாவைப் பத்தி ஊரே பேசுச்சு. நானும் பேசினேன். ஆனா அதுவும் நான் படிச்ச புத்தகமும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லை. எட்வர்டு அழகா இருந்தான்ல!

இந்தியாவுல பின்தொடர்றது 2013லதான் 354டி பிரிவுல தனிக் குற்றமாச்சு, 2024 ஜூலையிலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 78ஆம் பிரிவு. ஜெர்மனியிலயே 2007லதான் தனிச் சட்டம் வந்துச்சு. அதாவது இந்தப் புத்தகம் ஜெர்மன்ல வந்து ஒரு வருஷம் கழிச்சு.

என் கூட வீட்டைப் பங்கு போட்டிருக்கிற ஜெர்மன்காரிகிட்ட இதைப் புலம்பினேன். அவ ரூம்லயும் ஒரு காலத்துல எட்வர்டு போஸ்டர் இருந்துச்சாம். உள்ள போய் மஞ்சள் அட்டை போட்ட குட்டிப் புத்தகம் ஒண்ணு எடுத்துட்டு வந்தா. கதேயோட 'வெர்தர்', 1774. பள்ளிக்கூடத்துல படிச்சது. இன்னொருத்தனுக்கு நிச்சயமான லோட்டே மேல பைத்தியமாகி, கடைசியில உயிரை விடுறவன் கதை. அப்பவே இளவட்டம் அவனை மாதிரி நீலக் கோட்டும் மஞ்சள் வெயிஸ்ட்கோட்டும் போட்டுட்டு திரிஞ்சுதாம், 1775ல லைப்ஸிக்ல புத்தகத்தைத் தடையே பண்ணாங்க. "லோட்டே என்ன நினைச்சான்னு தேடிப் பாரு, கொஞ்சம்தான் கிடைக்கும்"னா. பாதி படிச்சிருக்கேன். அவ சொன்னது சரி.

பெல்லா எப்பவும் காப்பாத்தப்படுறவளாவே இருக்கான்னு விமர்சனம் வந்ததுக்கு, 2015ல மேயர் ஆணையும் பெண்ணையும் மாத்திப் போட்டு ஒரு புத்தகமே எழுதினாங்க. ஆனா கேக்காம ரூமுக்குள்ள வர்றது யார் வந்தாலும் அதேதானே?

இதெல்லாம் தெரிஞ்சும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து முடிச்சேன். புல்வெளி அத்தியாயம் வந்தப்ப வயித்துல அதே பட்டாம்பூச்சி. அதையும் சொல்லாம விட்டா நான் பொய்க்காரி.

போன வாரம் தங்கச்சிகிட்டேர்ந்து மெசேஜ். பதினாறு வயசு. "அக்கா, ட்வைலைட் படிச்சுட்டேன், எட்வர்டு மாதிரி ஒருத்தன் கிடைப்பானா?" பக்கத்துல பத்து இதயம். ரெண்டு நாள் பதில் போடலை. படிக்காதேன்னு சொன்னா என்னை மாதிரியே போர்வைக்குள்ள படிப்பா. கடைசியில கால் பண்ணி, நாலு மாசம் என் பின்னாடி வந்தவனைப் பத்தி முதல் தடவையா வீட்டுல ஒருத்தர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா, "அதான் வயலினை விட்டியாக்கா?"

ஆமாம்னேன்.

"சரி, ரெண்டாவது பார்ட் படிக்கவா வேணாமா?"

படின்னேன். படிச்சுட்டு எனக்கு ஃபோன் பண்ணணும்னும் சொன்னேன்.

பி.கு: சோறு வடிக்கிற பாத்திரம் இன்னும் கிடைக்கலை. இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி சந்தைக்குப் போறேன். பாட்டிம்மாகிட்ட ரெண்டாவது பார்ட் இருந்தா... ஹிஹி, வாங்குவேன்.