நவச்சாரமும் எண்ணூர்க் குழாயும்

எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களுக்கு அம்மோனியா என்றால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கடலடிக் குழாயிலிருந்து கசிந்த வாயு, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடவைத்தது. அம்மோனியா என்ற பெயரின் பூர்வீகமோ எகிப்துப் பாலைவனத்தில் உள்ள சீவா என்ற சோலை.

அங்கே அமுன் என்ற கடவுளுக்குக் கோயில் இருந்தது. கிரேக்கர்கள் அவரை அம்மோன் என்றார்கள், அலெக்சாண்டரே கி.மு. 331இல் அங்கே குறி கேட்கப் போனார். அந்த வட்டாரத்து உப்பு ‘அம்மோனின் உப்பு’. பிற்காலத்தில் அந்தப் பெயர் அம்மோனியம் குளோரைடுக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அது நவச்சாரம்: ஈயம் பூசுகிறவர் சூடேறிய பித்தளைப் பாத்திரத்தில் தூவும் வெள்ளைப் பொடி. சூட்டில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று அமிலம், களிம்பை அரித்தெடுக்கிறது, அதனால்தான் ஈயம் பிடிக்கிறது. மற்றது மூக்கைத் துளைக்கும் அந்த நெடி. 1774இல் வேதியியலர் பிரீஸ்ட்லி அந்த வாயுவைத் தனியே பிரித்துப் பிடித்தார். 1782இல் இன்னொரு வேதியியலர் பெர்க்மன் அதற்கு அம்மோனியா என்று பெயர் வைத்தார்.

கசிவு நேர்ந்த காலத்தில் அது உரம் செய்வதற்காகக் கப்பலில் எண்ணூருக்குத் திரவமாக வந்துகொண்டிருந்தது. மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். நமக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் கடலடிக் குழாய், அதற்குக் காய்ந்த தோசைக்கல். கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் உடனே மாவை ஊற்றமாட்டோம், தண்ணீர் தெளிப்போம். சுர்ரென்று ஆவி கிளம்பும், அந்த ஆவியே கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அதன்பிறகுதான் மாவு ஒழுங்காகப் பரவும். குழாய்க்கும் அதே பக்குவம்தான். குளிர்ந்த அம்மோனியாவைக் கொஞ்சங்கொஞ்சமாக அனுப்பிச் சூட்டைத் தணித்த பிறகே கப்பலில் இருக்கும் சரக்கை இறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் திறந்துவிட்டால் திரவம் குழாய்க்குள்ளேயே கொதித்து அழுத்தம் ஏறும். ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரியும்.

அன்றிரவு கசிவு நேர்ந்தது இந்தக் குளிர்விக்கும் வேலையின்போதுதான். சரக்கை இறக்கும் நேரத்துக்கு இருக்கும் அதே காவல், அதே எச்சரிக்கை மணி இந்த வேலைக்கும் இருந்தாக வேண்டும். குழாய்க்கு எதிரே வலை உலர்த்துகிறவர்கள் குடும்பத்தோடு உறங்குகிறார்கள்.

அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. முதலில் கண், பிறகு தொண்டை. அங்குள்ள நீரில் கரைந்து காரமாகி எரிக்கும். அந்தக் குணமே காப்பாற்றவும் செய்யும்: நனைத்த துணியை மூக்கில் பொத்திக்கொண்டால் அதில் ஓரளவு கரைந்து தங்கிவிடும். அப்படியே, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். கண் எரிந்தால் கசக்கக் கூடாது. கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.