அதிக வரி கட்டினார்கள். ஓட்டைப் பள்ளிக்கூடம் கிடைத்தது!

சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு தகப்பனாரின் வழக்கு

பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டும். வாத்தியாருக்குச் சம்பளம், கட்டடம், பெஞ்சு, புத்தகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் மக்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அதைப் பங்கிடும் முறை சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? குழந்தைகளின் படிப்பே கெட்டுப் போகும்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த கதை இது.

அங்கே சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். அதன் மேற்குப் பகுதியில் எட்ஜ்வுட் என்ற இடம் இருக்கிறது. அங்கே வசித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள்.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் அவர்களில் ஒருவர். 2-வது உலகப்போரில் கடற்படையில் பணியாற்றியவர். பிறகு விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்தார். தன்னுடைய மகன்களை எட்ஜ்வுட் தொடக்கப் பள்ளியில் சேர்த்திருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் நிலைமை என்ன? ஜன்னல்கள் உடைந்து கிடந்தன. செங்கல் பெயர்ந்து விழுந்தது. மேல் மாடி ஆபத்தானது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே வௌவால்கள் குடியிருந்தன!

வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்

டெக்சாசில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கை மாநில அரசாங்கம் கொடுக்கிறது. இன்னொரு பெரிய பங்கு சொத்து வரியிலிருந்து வரவேண்டும். வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு இந்த வரியைப் போடுகிறார்கள்.

மாநிலம் முழுவதும் பள்ளி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு உண்டு. அந்தக் குழுதான் வரி போடும். அந்த நாளில், ஒரு வட்டாரத்தில் வசூலான வரி அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கே செலவானது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிசைகள் உள்ள இடத்திலும் மாளிகைகள் உள்ள இடத்திலும் ஒரே அளவு வரி வசூலாகுமா?

கணக்கைப் பாருங்கள்!

எட்ஜ்வுட்டில் இருந்த சொத்துக்களின் மொத்த மதிப்பை மாணவர்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஒரு மாணவனுக்கு 5,960 டாலர் வந்தது. அந்த நகரத்தை ஒட்டியுள்ள இன்னொரு பகுதி ஆலமோ ஹைட்ஸ். வசதி படைத்தவர்கள் வாழும் இடம். அங்கே ஒரு மாணவனுக்கு 49 ஆயிரம் டாலருக்கு மேல் சொத்து இருந்தது.

எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான்.

ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனால், மாநிலத் திட்டத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டில் ஒரு மாணவனுக்கு மிஞ்சியது 26 டாலர். ஆலமோ ஹைட்சில் மிஞ்சியது 333 டாலர்!

அரசாங்கங்கள் கொடுத்த உதவியையும் சேர்த்துப் பார்த்தால், எட்ஜ்வுட் மாணவனுக்கு 356 டாலர். ஆலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 594 டாலர். இது 1967-68 பள்ளி ஆண்டின் கணக்கு.

பணம் குறைந்தால் நல்ல வாத்தியார்கள் வருவார்களா? எட்ஜ்வுட் ஆசிரியர்களில் 100-க்கு 47 பேர் முழுத் தகுதி இல்லாமல், தற்காலிக அனுமதியில் பாடம் நடத்தியவர்கள். ஆலமோ ஹைட்சில் அப்படிப்பட்டவர்கள் 100-க்கு 11 பேர்தான்.

மாணவர்கள் வெளியேறினார்கள்

1968-ம் ஆண்டு மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். "கட்டடத்தைப் பழுது பார்க்கவேண்டும், தகுதியான ஆசிரியர்களை நியமிக்கவேண்டும்" என்பது அவர்களுடைய கோரிக்கை.

பெற்றோர்களும் ஒன்று சேர்ந்தார்கள். ஆர்தர் காக்மன் என்ற வக்கீலிடம் போனார்கள். அந்த ஆண்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். மனுதாரர்களில் ரோட்ரிகசின் பெயர் முதலில் இருந்தது.

1971-ம் ஆண்டு 3 நீதிபதிகள் கொண்ட கோர்ட்டு பெற்றோர்கள் பக்கம் தீர்ப்பு அளித்தது. டெக்சாஸ் அரசாங்கம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தது.

ஒரே ஓட்டில் தோல்வி

1973-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் பெற்றோருக்கு எதிராகவும், 4 நீதிபதிகள் ஆதரவாகவும் தீர்ப்புக் கூறினார்கள். ஒரே ஓட்டில் வழக்கு தோற்றது!

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல். கல்வி முக்கியமானதுதான், ஆனால் அமெரிக்க அரசியல் சட்டம் அதை ஓர் உரிமையாகச் சொல்லவில்லை என்றார். வரி முறையை மாற்றவேண்டியது மாநிலச் சட்டசபைகளின் வேலை என்றும் கூறினார். நீதிபதி தர்குட் மார்ஷல் இதைக் கடுமையாக எதிர்த்துத் தனித் தீர்ப்பு எழுதினார். கறுப்பர், வெள்ளையர் என்று பள்ளிகளைப் பிரிக்கக்கூடாது என்று 1954-ல் வழக்காடி வென்ற வக்கீல் அவர்தான்.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்க அரசியல் சட்டம் கைவிட்டால் என்ன? டெக்சாஸ் மாநிலத்துக்கும் ஓர் அரசியல் சட்டம் உண்டு. சீரான இலவசப் பள்ளிகளை நடத்துவது சட்டசபையின் கடமை என்று அது சொல்கிறது.

அதை ஆதாரமாக வைத்து 1984-ல் எட்ஜ்வுட் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது. அப்போது, மாநிலத்தின் பரம ஏழை வட்டாரத்தில் ஒரு மாணவனுக்குச் சுமார் 20 ஆயிரம் டாலர் சொத்து. பெரிய பணக்கார வட்டாரத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். 700 மடங்கு வித்தியாசம்!

1989-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பு அளித்தார்கள்.

"ராபின் ஹூட்" சட்டம்

சட்டசபை புதுச் சட்டங்களைச் செய்தது. 2 முறை கோர்ட்டு அவற்றைத் தள்ளிவிட்டது. கடைசியில் 1993-ல் வந்த சட்டம் நிலைத்தது. சொத்து மிகுந்த வட்டாரங்கள் தங்கள் வரிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிற வட்டாரங்களுக்காக விட்டுக் கொடுக்கவேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

மக்கள் அதற்கு "ராபின் ஹூட்" சட்டம் என்று பெயர் வைத்தார்கள். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்ததாகக் கதைகளில் வரும் வீரனின் பெயர் அது. பணம் கொடுக்கவேண்டிய வட்டாரங்களில் ஆலமோ ஹைட்சும் ஒன்று!

பணம் கொடுக்கும் வட்டாரங்கள் முணுமுணுத்தன. வழக்குகளும் ஓயவில்லை. 2016-ல்கூட டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டு, இந்த முறையில் குறைகள் உண்டு, ஆனாலும் அது அரசியல் சட்டத்தை மீறவில்லை என்று சொன்னது.

ரோட்ரிகஸ் 2013-ல் தமது 87-வது வயதில் காலமானார். 1968-ல் அவர் கோர்ட்டுக்குப் போனபோது அவருடைய மகன்கள் சிறுவர்கள். சட்டம் மாறுவதற்கு 25 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்கள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். ஓட்டைப் பள்ளிக்கூடத்தில்தான் அவர்கள் படித்தார்கள். தகப்பனார் போட்ட வழக்கின் பலன் அவர்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது.